நானோகுளோராப்சிஸ் வளர்ப்பில் ஈபிஏ குறைந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பில் பெரும்பகுதி மீன் தானாகச் செய்துகொண்டதல்ல. கடலில் அதை முதலில் செய்வது நுண்பாசி. பாசியைத் தின்ற சிற்றுயிர், அதைத் தின்ற சின்ன மீன், அதைத் தின்ற பெரிய மீன் என்று கைமாறி நம் தட்டுக்கு வருகிறது. அந்த ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் ஒன்று ஈபிஏ. முதல் கையிடமே நேராக வாங்கிக்கொள்வதுதான் பாசியிலிருந்து ஈபிஏ எடுக்கும் வேலை. மீன் சாப்பிடாத வீடுகளுக்கு ஈபிஏ நேரடியாகக் கிடைக்க வேறு வழி அநேகமாக இல்லை. அதனால் இந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் கடற்கரையில் மீன், இறால் குஞ்சு பொரிக்கும் பொரிப்பகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு நானோகுளோராப்சிஸ் பழகிய பாசி. குஞ்சுகள் தின்னும் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீருயிருக்குத் தீனியாகத் தொட்டி தொட்டியாக வளர்த்திருப்பார்கள். தீனிக்கு வளர்ப்பதும் மனிதர் உண்ணும் கொழுப்புக்கு வளர்ப்பதும் ஒன்றல்ல என்பது ஆய்வக ரிப்போர்ட் கைக்கு வரும்போதுதான் பலருக்கும் உறைக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 1000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.3 கிராம் உலர் எடை கிடைத்தால் மொத்தம் 300 கிராம். அதில் 3 சதவீதம் ஈபிஏ என்றால் 9 கிராம். ஈபிஏவும் இன்னொரு ஒமேகா-3 ஆன டிஹெச்ஏவும் சேர்த்துப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன அளவு. அந்தக் கணக்கில் ஒரு தொட்டி ஒருவருக்கு 36 நாளைக்கு வரும். வளர்ப்பில் பாதியும், மீந்ததில் பாதி உலர்த்துவதிலும் போனால் 9 நாள்தான். அதனால் எங்கே போகிறது என்று அறிகுறி பார்த்துப் பிடிக்க வேண்டும்.

மீடியம் கலந்ததும் வெள்ளையாகத் திரிகிறது

மீடியம் என்பது பாசி வளரும் உரமிட்ட கடல்நீர். கடல்நீரையும் உரக்கரைசலையும் ஒன்றாகச் சேர்த்துச் சூடாக்கியிருப்பீர்கள். பாஸ்பேட்டும் கடல்நீரின் கால்சியம், மெக்னீசியமும் சேர்ந்து படிந்துவிட்டன. கடல்நீரைத் தனியாகவும் கரைசல்களைத் தனியாகவும் கிருமிநீக்கி, ஆறிய பிறகு கலக்குங்கள். வைட்டமின் கரைசல் எப்போதும் கடைசியில்தான்.

விதை ஊற்றி நான்கு நாளாகியும் நிறம் ஏறவில்லை

முதல் சந்தேகம் குளோரின் மேல் வரட்டும். நீரைக் கிருமிநீக்கப் பத்து பி.பி.எம். (லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்) குளோரின் போட்டு ஒரு நாள் காற்று விட்டால் போய்விடும் என்று நம்புவோம். மூடிய அறையில், மேகமூட்டமான நாளில் போகாது. டெஸ்ட் கரைசல் விட்டு மஞ்சள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சோடியம் தயோசல்பேட் போட வேண்டும். மீதமுள்ள குளோரின் ஒரு கிராமுக்குக் கடையில் கிடைக்கும் படிக தயோசல்பேட் 7 கிராம் தேவைப்படும்.

குளோரின் இல்லை என்றால் விதை, அதாவது தொடங்க ஊற்றும் பாசி, குறைவு. தொட்டியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது அடர்த்தியான, இளம் விதை வேண்டும். மூன்று வாரம் மூலையில் கிடந்த கேனிலிருந்து ஊற்றினால் பாசி எழுந்து நிற்கவே ஒரு வாரமாகும். அதற்குள் வேறு எதுவாவது தொட்டியைப் பிடித்துவிடும்.

காலையில் பச்சை, சாயங்காலம் வெளுப்பு, மறுநாள் அடியில் படிவு

இதை நான் முதன்முதலில் பார்த்தபோது வெயிலைத்தான் திட்டினேன். தொட்டி அடியில் சளி மாதிரி பழுப்புப் படலம், மேலே தெளிந்த நீர், ஓரத்தில் அழுக்கு நுரை. முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கு, நிறம் கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கிறதே என்று அம்மோனியம் சல்பேட் கரைத்து ஊற்றியிருந்தேன். பாசியைக் கொன்றது அதுதான்.

வெயிலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். ஏறும். காலையில் 8 இருந்த தொட்டி மதியம் 9.5 காட்டுவது சாதாரணம். அம்மோனியம் உப்பு பி.எச். 8-இல் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் நச்சு அம்மோனியாவாக இருக்கும். 9.2, 9.3 அருகே ஏறக்குறைய பாதி அப்படி மாறிவிடும். அந்த அம்மோனியா செல்லுக்குள் புகுந்து ஒளிச்சேர்க்கையையே நிறுத்திவிடும். அதே உரம், அதே அளவு, காலை ஆறு மணிக்குப் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம்.

சரிசெய்வது இப்படி. காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் பி.எச். எழுதிவையுங்கள்; இரண்டுக்கும் இடையில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கரியமில வாயு பற்றவில்லை. சிலிண்டர் இருந்தால் 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் நிற்கும்படி விடுங்கள். இல்லையென்றால் காற்றைக் கூட்டி, அடர்த்தியைக் குறைத்து ஓட்டுங்கள். நைட்ரஜனுக்கு அம்மோனியத்தை விட்டுவிட்டு நைட்ரேட்டுக்கு மாறுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. மனிதர் சாப்பிடும் பொருளுக்கு வயல் உரம் வேண்டாம். பாஸ்பேட் உரங்களில் காட்மியம் கலந்து வரும், பாசி அதை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். உப்புகள் தூய தரமாக இருக்கட்டும்.

பி.எச். சரியாக இருந்தும் பாசி சாய்ந்தால் அப்புறம் வெப்பத்தைப் பாருங்கள். இந்தப் பாசிக்கு 20 முதல் 28 டிகிரி வரை சுகம். நீர் 32-ஐத் தாண்டினால் திணறும், 35 அருகே போனால் தாங்காது. சித்திரை, வைகாசியில் திறந்த வெளியில் ஆழமில்லாத தொட்டியை நிழல்வலை இல்லாமல் வைப்பது வீண் முயற்சி.

நீர் ஒரே இரவில் தெளிந்துவிட்டது, படிவும் இல்லை

செத்திருந்தால் அடியில் கிடக்கும். காணவில்லை என்றால் எதுவோ தின்றுவிட்டது. ஒரு சொட்டு எடுத்து 400 மடங்கில் பாருங்கள். நானோகுளோராப்சிஸ் 2 முதல் 4 மைக்ரான்தான். நகராது, நின்ற இடத்தில் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஏதாவது ஓடினால் அது சீலியேட் என்ற ஒருசெல் உயிர். தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல் தெரிந்தால் ரோட்டிஃபர். அதன் வயிறு பச்சையாக இருக்கும். உங்கள் பாசி அங்கேதான் இருக்கிறது.

பொரிப்பகத்துக்குள்ளேயே பாசி வளர்ப்பவர்களுக்கு இது தீராத தொல்லை. ரோட்டிஃபர் தொட்டியில் போட்ட வாளியும் கையும் பாசித் தொட்டிக்கு வரக்கூடாது. காற்றுக் குழாய்களும் தனித்தனி. தொட்டி பிடிபட்டுவிட்டால் மனிதர் உண்ணும் வரிசைக்கு அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். கொட்டிவிட்டு, கழுவி, குளோரின் போட்டு, சுத்தமான கேனிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மருந்து ஊற்றி மீட்ட தொட்டியை ஒருவர் வாயில் வைக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது.

எண்ணெய் கூடியது, ஈபிஏ குறைந்தது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நைட்ரஜனைப் பட்டினி போட்டால் பாசி கொழுக்கும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். உண்மைதான். பாசி டீசல் எடுக்கலாம் என்று அமெரிக்காவில் 1978 முதல் 1996 வரை நடந்த அரசுத் திட்டத்தில் இந்தப் பட்டினி முறையைத்தான் விரிவாக ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது எரிபொருள். நமக்கு வேண்டியது வேறு.

செல்லுக்குள் கொழுப்பு இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, சேமிப்பு: எண்ணெய்த் துளியாக, நெல் குதிர் மாதிரி. இன்னொன்று, சவ்வு: ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தின் சுவர். நானோகுளோராப்சிஸ் தன் ஈபிஏவின் பெரும்பகுதியைச் சுவரில்தான் வைத்திருக்கிறது, சர்க்கரையோடு இணைந்த கொழுப்பாக. குதிரில் அது நிரப்புவது ஒமேகா-3 அல்லாத பாமிடிக், பாமிடோலெயிக் அமிலங்களை. பட்டினி போட்டால் குதிர் நிறையும், சுவர் இடியும். எண்ணெய் சதவீதம் ஏறும், ஈபிஏ இறங்கும்.

உதாரணக் கணக்காகப் பாருங்கள். நன்றாகத் தின்ற பாசியில் கொழுப்பு அமிலம் உலர் எடையில் 12 சதவீதம், அதில் கால்பங்கு ஈபிஏ என்றால் கிராமுக்கு 30 மில்லிகிராம். பட்டினி கிடந்ததில் கொழுப்பு அமிலம் 30 சதவீதம், அதில் ஈபிஏ 6 சதவீதம் என்றால் கிராமுக்கு 18 மில்லிகிராம். எண்ணெய் இரண்டரை மடங்கு, ஈபிஏ பாதிக்குக் கொஞ்சம் மேல்.

“நான் பட்டினி போடவே இல்லையே, எஃப்/2 மீடியம் முழு அளவு போட்டேனே” என்று கேட்பீர்கள். எஃப்/2 என்பது பாசி வளர்ப்பவர்கள் பலரும் பின்பற்றும் உரக்கலவை. அதன் முழு அளவில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட். அதிலுள்ள நைட்ரஜன் ஏறக்குறைய 12 மில்லிகிராம். பாசியின் உலர் எடையில் நைட்ரஜன் ஏழெட்டு சதவீதம். அதாவது அந்த மீடியம் லிட்டருக்கு 0.16 கிராம் பாசியைத்தான் வயிறாரப் போஷிக்கும். நீங்கள் 0.3 கிராமுக்கு வளர்த்தால் கடைசி சில நாள் பாசி பட்டினிதான், உங்களுக்குத் தெரியாமலே. கான்வே என்ற இன்னொரு மீடியத்திலும் கதை இதேதான்: 100 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் 14 மில்லிகிராம்.

அறிகுறி நிறத்தில் தெரியும். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெள்ளைத்தாள் முன்னால் பிடியுங்கள். நன்றாகத் தின்ற பாசி கரும்பச்சை. பட்டினி தொடங்கினால் இளம்பச்சை, பிறகு மஞ்சள் கலந்த பச்சை, முற்றினால் மங்கிய ஆரஞ்சு சாயல். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் நைட்ரேட் பட்டையைப் பாசி நீக்கிய தெளிநீரில் முக்கிப் பார்த்தால் உறுதியாகிவிடும். பூஜ்யம் காட்டினால் பட்டினி.

0.3 கிராம் வரை போக வேண்டுமென்றால் சோடியம் நைட்ரேட் மொத்தம் 140 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். பாஸ்பேட்டும் மற்றவையும் அதே விகிதத்தில். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஏற்கெனவே மஞ்சளாகிவிட்ட தொட்டியை அறுவடை செய்ய அவசரப்பட வேண்டாம். நைட்ரேட் கொடுத்து இரண்டு மூன்று நாள் விட்டால் பச்சை திரும்பும், சுவர் எழும்பும், ஈபிஏவும் திரும்பும்.

வெளிச்சமும் வெப்பமும் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன. மிகையான வெயிலில் செல் குதிரை நிரப்பும். மிதமான வெளிச்சத்தில் சுவரை விரிக்கும். குளிர்ந்த நீரில் சவ்வு இளகியிருக்க வேண்டும் என்பதற்காக ஈபிஏ பங்கு கூடும். இருபது டிகிரியில் வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் ஈபிஏ பங்கு உயர்வாக இருப்பது அதனால்தான். மார்கழித் தொட்டியும் சித்திரைத் தொட்டியும் ஒரே ரிப்போர்ட் தராது. அறுவடை நேரமும் முக்கியம். பகலில் சேர்த்த குதிர்க் கொழுப்பில் ஒரு பகுதியைப் பாசி இரவில் எரித்துத் தின்றுவிடும், சுவரைத் தொடாது. அதனால் விடியற்காலை எடுத்த பாசியின் கொழுப்பில் ஈபிஏ பங்கு, சாயங்காலம் எடுத்ததைவிடக் கூடுதல்.

ஒரு எச்சரிக்கை. டிஹெச்ஏ எடுக்க வளர்க்கும் சைசோகைட்ரியம் போன்ற நுண்ணுயிர்களுக்கு இதற்கு நேர்மாறான விதி. அவை வெளிச்சமே இல்லாமல் மூடிய கலனில் குளுக்கோஸ் தின்று வளரும்; டிஹெச்ஏவைக் குதிரிலேயே வைக்கும். அங்கே நைட்ரஜனைக் குறைத்தால் நல்லது நடக்கும். ஒன்றின் குறிப்பை எடுத்து இன்னொன்றில் பயன்படுத்தாதீர்கள்.

எடை நன்றாக வந்தது, கிராமுக்கு ஈபிஏ மட்டும் குறைவு

சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரித்த பாசி பேஸ்டில் ஐந்தில் நான்கு பங்கு கடல்நீர். நூறு கிராம் பேஸ்டை அப்படியே உலர்த்தினால் 20 கிராம் பாசியோடு கிட்டத்தட்ட 3 கிராம் உப்பும் எடைக்கு வரும். விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள், கரிக்கும். ஆய்வகத்தில் சாம்பல் அளவு கேட்டு வாங்கினால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நானோகுளோராப்சிஸ் தடித்த வெளிச்சுவருள்ளது (முன்பு சுவர் என்று சொன்ன சவ்வு வேறு), உப்புக் குறைந்த நீரில் ஒரு முறை வேகமாகக் கழுவித் திரும்ப சென்ட்ரிஃப்யூஜில் இறக்கலாம். வெளிச்சுவரில்லாத ஐசோகிரைசிஸ் பாசியை இப்படிக் கழுவினால் செல் வெடித்து எண்ணெய் நீரோடு போய்விடும். சோதனைக்கான மாதிரியை அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் கழுவுவது நல்லது. உலர்த்தும்போது அது ஆவியாகிவிடும், எடையில் நிற்காது.

படிகாரம் போட்டுப் பாசியைத் திரட்டுவது மலிவான வழிதான். ஆனால் அலுமினியம் பாசியோடு ஒட்டிக்கொண்டு பேஸ்டிலேயே தங்கும். உணவுக்கு வேண்டாம்.

கரைப்பானில் போட்டும் எண்ணெய் இறங்கவில்லை

இரண்டு காரணம். செல் சுவர் உடையவில்லை, அல்லது கரைப்பான் தவறு. இந்தப் பாசியின் வெளிச்சுவர் எளிதில் கரையாத பொருளால் ஆனது. மிக்ஸியில் அரைத்தால் உடையாது. சின்ன மணிகளோடு சேர்த்து அரைக்கும் மணி அரைவையோ, உயர் அழுத்த ஹோமோஜினைசரோ வேண்டும். அரைத்த பிறகு நுண்ணோக்கியில் பாருங்கள். முழு உருண்டைகள் இன்னும் நிறையத் தெரிந்தால் மறுபடி ஓட்டுங்கள்.

ஹெக்சேன் மட்டும் ஊற்றினால் குதிர்க் கொழுப்பு வரும், சவ்வுக் கொழுப்பு பிண்ணாக்கிலேயே நிற்கும். ஈபிஏ அதில்தானே இருக்கிறது! எத்தனால் போன்ற முனைவுள்ள கரைப்பான் சேர வேண்டும். அப்படி எடுத்தால் எண்ணெய் கரும்பச்சையாக வரும், பச்சையமும் கூடவே இறங்குவதால். அது குறையல்ல. வெளிச்சம் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆய்வகம், இரண்டு ரிப்போர்ட்

சண்டைக்குப் போகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஈபிஏ மொத்தக் கொழுப்பு அமிலத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறார்களா, ஒரு கிராம் உலர் பாசியில் எத்தனை மில்லிகிராம் என்றா? சதவீதம் மட்டும் இருந்தால் அது உங்களுக்குப் பாதித் தகவல். தெரிந்த அளவில் ஒரு கொழுப்பு அமிலத்தை அளவுகோலாகச் சேர்த்தார்களா? சேர்க்காவிட்டால் மில்லிகிராம் கணக்கு ஊகம்தான். அளப்பதற்காகக் கொழுப்பு அமிலத்தை மெத்தில் எஸ்டராக மாற்ற அமிலம் பயன்படுத்தினார்களா, காரமா?

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. காரமுறை, தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்களை எஸ்டராக மாற்றாது. உங்கள் பேஸ்ட் குளிர்ப்பெட்டியில் சில நாள் கிடந்து கொழுப்பு உடைந்திருந்தால், உடைந்த பகுதி முழுவதும் ரிப்போர்ட்டில் காணாமல் போகும். அமிலமுறையில் அது தெரியும். ஒரே மாதிரியில் இரண்டு முறைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் உங்கள் பேஸ்ட் சேமிப்பில்தான் கோளாறு.

பேஸ்டில் நாற்றம், பொடியில் சிக்கு வாடை

இரண்டும் வேறு வேறு. அழுகிய முட்டை, சாக்கடை மாதிரி நாற்றம் பாக்டீரியாவால். தூக்கி எறியுங்கள். பழைய பெயிண்ட் டப்பா திறந்ததுபோல், நாள்பட்ட கருவாட்டு எண்ணெய்போல் சிக்கு அடித்தால் ஈபிஏ ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுக்கொண்டிருக்கிறது. ஈபிஏவில் ஐந்து இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இடையிலுள்ள இடம் ஆக்சிஜன் கடிக்க வாகானது.

ஒரு முறை பேஸ்டை எவர்சில்வர் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி மொட்டைமாடியில் வைத்தேன். வடகமே காய்கிறதே, இது காயாதா என்று. மூன்று மணிக்குள் கரும்பச்சை ஆலிவ் பழுப்பாக மாறியது. தட்டை முகர்ந்தபோது புதிதாக எண்ணெய்ச் சாயம் அடித்த கதவு நினைவுக்கு வந்தது. வெயில் பட்ட பச்சையம் ஆக்சிஜனை மேலும் வெறியேற்றிவிடும். உலர்த்துகிறேன் என்று எரித்திருக்கிறேன். பச்சையம் சிதைவது சாப்பிடுகிறவர் உடம்புக்கும் ஆகாது. ஜப்பானில் 1977-இல் சரியாகப் பதப்படுத்தாத குளோரெல்லா மாத்திரை தின்றவர்களுக்கு வெயில் பட்ட தோல் வெந்துபோனது. பச்சையம் உடைந்து வந்த ஃபியோஃபார்பைடுதான் காரணம்.

சென்ட்ரிஃப்யூஜிலிருந்து இறக்கிய பேஸ்டை அன்றே உறையவையுங்கள், அல்லது அன்றே உலர்த்துங்கள். குளிர்ப்பெட்டியின் 4 டிகிரி போதாது. கொழுப்பை உடைக்கும் நொதிகள் அங்கேயும் வேலை செய்துகொண்டே இருக்கும். உறைநிலை உலர்த்தல் சிறந்தது. வசதி இல்லையென்றால் நிழலில், குறைந்த சூட்டில், காற்றோட்டத்தில். உலர்ந்ததும் நைட்ரஜன் வாயு நிரப்பி, ஒளி புகாத பையில் சீல் வைத்து, கழித்தல் 20 டிகிரியில் வையுங்கள். சின்னச் சின்னப் பைகளாகப் போடுங்கள். ஒரு பெரிய பையைத் தினமும் திறந்து மூடினால் நைட்ரஜன் நிரப்பியதற்கு அர்த்தமில்லை.

எண்ணெயாக எடுத்திருந்தால், கெடத் தொடங்கியதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பு பாருங்கள். மீன் எண்ணெய்க்கு 2017-இல் வந்த கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரத்தில் உச்சவரம்பு கிலோவுக்கு 5 மில்லி ஈக்விவலென்ட், கெடுவது முற்றியதைக் காட்டும் அனிசிடின் மதிப்பு 20. பாசி எண்ணெய்க்கும் அதையே கோடாக வைத்துக்கொள்கிறேன். பெராக்சைடு மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்: கெடுவது முற்றினால் பெராக்சைடுகளே உடைந்து அந்த எண் மறுபடி இறங்கும், எண்ணெய் நல்லதுபோல் காட்டும். அனிசிடின் அப்போதுதான் ஏறியிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பெராக்சைடு குறைவாகவும் அனிசிடின் 20-க்கு மேலும் இருந்தால் அந்தப் புட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.